கள்ளின் நாழிகையும் புட்டியின் ஆண்டும்

மாட்டின் வயதை அறியப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். கித்தா மரம் எத்தனை ஆண்டு பால் கொடுத்தது என்பதை அதன் வெட்டுப்பட்டைத் தழும்பு சொல்லிவிடும். புதைந்து கிடந்த பானை ஓட்டின் காலத்தை அதன் விளிம்பும் பிடியும் கொண்டு ஆய்வாளர் கணிக்கின்றனர். புளித்த பானம் ஒன்றின் வயதை எதைக் கொண்டு அறிவது? அதன் புளிப்பைக் கொண்டே அறியலாம் என்பது பழங்குடியினர் முதல் இக்கால விஞ்ஞானிகள் வரை ஒப்பிய உண்மையாகும்.

இங்கே ஒரு புதிர் எழுகின்றது. தென்னங்கள்ளில் போதை தரும் மதுசாரம் 100க்கு 4 முதல் 6 பங்கு உண்டு. பெல்ஜியம் நாட்டின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள ஊர்களில் வடிக்கப்படும் 'கூஸ்' என்னும் புளிப்பு பீரிலும் ஏறத்தாழ அதே அளவுதான், சற்றே மிகுதியாக, இருக்கின்றது. இரண்டிலும் மனிதன் தன் கையால் ஈஸ்ட்டை இடுவதில்லை. காற்றும் கலமும் தாமே அதனைத் தருகின்றன. ஆயினும், காலையில் இறக்கிய கள் மறுநாள் மாலைக்குள் முகம் சுளிக்க வைக்கின்றது. அந்த பீரோ, தக்கையிட்ட புட்டியில் 20 ஆண்டு படுத்துக் கிடந்த பின்னும் அருந்தத் தக்கதாய் இருக்கின்றது. ஒன்றின் ஆயுளை நாழிகையால் அளக்கிறோம். மற்றொன்றின் ஆயுளை ஆண்டால் அளக்கிறோம். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

மதுவைப் புகழ்வது இக்கட்டுரையின் கருத்தன்று. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கப்பட்டுள்ளது. எனினும், விலக்க வேண்டிய பொருளையும் அறிந்து விலக்குவதே அறிவுடைமை. புளித்தது வேறு, கெட்டது வேறு, நஞ்சானது வேறு. இம்மூன்றையும் பிரித்தறியாமையால் நம்மவர் பலர் உயிரையும் கண்ணையும் இழந்திருக்கின்றனர். ஆதலின் கலயத்தில் தொடங்கிப் புட்டி வரை சென்று இம்மூன்றின் இயல்பையும் ஆராய்வோம்.

கலயத்தில் நிகழ்வது

தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, சில நாள் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் இனிய சாறு சொட்டத் தொடங்கும். நாள்தோறும் காலையும் மாலையும் மெல்லிய ஏடாகச் சீவிக்கொண்டே வந்தால்தான் துளை அடையாமல் சாறு வழியும். பாளையில் சுரக்கும்போது இச்சாற்றில் 100க்கு 12 முதல் 15 பங்கு சர்க்கரை உண்டு. போதை சிறிதும் இல்லை. கலயத்தில் விழுந்த நொடி முதல் மாறுதல் தொடங்குகின்றது. முன்னாள் கள்ளின் மண்டி கலயத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். அதிலும், பாளையிலும், காற்றிலும், சாற்றைத் தேடி வரும் ஈக்களின் காலிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. வெப்ப நாட்டில் அவற்றிற்குச் சோம்பல் கிடையாது.

முதலில் லாக்டிக அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இவை தயிரைப் புளிக்கச் செய்பவற்றின் உறவினம். உடனே ஈஸ்ட்டும், சைமோமோனாஸ் என்னும் நுண்ணுயிரும் சர்க்கரையைத் தின்று மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. தெளிந்திருந்த சாறு பாலைப்போல் வெளுத்து நுரைக்கின்றது. மரத்திலிருந்து இறக்கும்போதே கள் ஓரளவு முதிர்ந்துவிடுவது இதனால்தான். மூன்றாவதாக அசிட்டோபாக்டர் என்னும் நுண்ணுயிர் வருகின்றது. இதற்குப் பிராணவாயு வேண்டும். திறந்த கலயத்தில் அதற்கு என்ன குறை? மதுசாரத்தையே உணவாகக் கொண்டு, அதனை அசெட்டிக அமிலமாக மாற்றுகின்றது. அதுவே காடி. கள்ளை மேலும் சில நாள் திறந்து வைத்தால் போதை குறைந்து, ஊறுகாய்க்கு ஊற்றும் காடியாக முடிந்துவிடும்.

இந்த ஓட்டத்தை நிறுத்தும் கலை நம் மூதாதையருக்குத் தெரிந்திருந்தது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர்கள் பெருக மாட்டாமல் சாறு இனிப்பாகவே நிற்கும். பனையில் இறக்கும்போது அதனைப் பதநீர் என்கிறோம். தமிழகத்தில் 1987 ஜனவரி 1 முதல் கள் விற்பனை தடைசெய்யப்பட்டது, பதநீர் தடைசெய்யப்படவில்லை. ஒரே மரம், ஒரே சாறு. இடையில் நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்னும் பழமொழி ஏன் பிறந்தது என்பதும் இதனால் விளங்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம், நாக்குக்குத் தோன்றா.

இரண்டு புளிப்புகள்

மேற்கூறியவற்றால் புளிப்பு ஒன்றன்று, இரண்டு என்பது தெளிவாகும். ஒன்று தயிர்ப் புளிப்பு. மற்றொன்று காடிப் புளிப்பு. இட்லி மாவிலும் பழைய சோற்று நீரிலும் மோரிலும் உள்ளது முன்னது. நாவின் இருமருங்கும் மெல்லப் பரவி எச்சில் ஊறச் செய்யும், மூக்கை உறுத்தாது. பின்னது நாவைத் தொடுமுன்னரே மூக்கில் ஏறும், தொண்டையில் எரியும். வீட்டுப் பெண்கள் மாவை முகர்ந்து பார்த்தே, "நன்றாகப் புளித்திருக்கிறது" என்றோ, "அதிகம் புளித்துப் போய்விட்டது" என்றோ சொல்லிவிடுவர். இந்த அறிவு ஏட்டில் எழுதப்படாதது, ஆயினும் நுட்பமானது.

லாக்டிக நொதித்தல் ஓர் உயிர்ச் செயல் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857இல் எடுத்துக் காட்டினார். அதுவரை புளித்தல் என்பது உயிரற்ற ஒரு சிதைவு என்றே பலரும் கருதி வந்தனர். ஒவ்வொரு நொதித்தலுக்கும் தனித்தனி நுண்ணுயிர் உண்டு என்னும் அவர் கொள்கையால், 'புளித்தது' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு உயிர்களின் வேலை அடங்கியிருப்பது புலனாயிற்று. தயிர்ப் புளிப்பு பெரும்பாலும் பானத்தைக் காக்கும். காடிப் புளிப்பு, கலத்துக்குள் காற்று புகுந்ததைக் காட்டிக்கொடுக்கும். பெல்ஜியத்துப் பழம்புட்டியைச் சுவைத்து மதிப்பிடுபவர் முதலில் தேடுவதும் இந்த வேறுபாட்டையே.

பிழாவும் செப்புத் தொட்டியும்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியில் மது சமைக்கும் முறை ஒன்று சொல்லப்படுகின்றது. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய பிழா என்னும் கலத்தில் ஊற்றி ஆற்றுகின்றனர். முளையை இடித்து அதிற் கலக்கின்றனர். பின்னர் இரண்டு இரவும் இரண்டு பகலும் கழியவிட்டு, வலிய வாயுடைய சாடியில் பச்சை வாடை நீங்கும்வரை விளையவைத்துப் பிழிந்தெடுக்கின்றனர். அகன்ற கலத்தில் ஆற்றுதல், முளைதானியம் சேர்த்தல், சாடியில் முதிரவைத்தல் ஆகிய மூன்றையும் நினைவிற் கொண்டு இனி பெல்ஜியத்துக்குச் செல்வோம்.

பிரஸ்ஸல்ஸ் நகரின் ஊடாக ஓடும் சென் ஆற்றின் பள்ளத்தாக்கிலும், அதன் மேற்கே பயோட்டன்லாண்ட் என்னும் வேளாண் பகுதியிலும் 'லாம்பிக்' என்னும் பீர் வடிக்கப்படுகின்றது. முளைகட்டிய வாற்கோதுமையுடன் 100க்கு 30 முதல் 40 பங்கு முளைகட்டாத கோதுமையைச் சேர்த்துக் காய்ச்சுகின்றனர். பிற பீர்களில் கசப்புக்காகப் புதிய ஹாப்ஸ் பூவை இடுவர். இங்கேயோ இரண்டு மூன்று ஆண்டு பழமையான பூவை இடுகின்றனர். கசப்பு போய்விடும், பானத்தைக் காக்கும் ஆற்றல் எஞ்சி நிற்கும். பல மணி நேரம் கொதித்த இக்கஞ்சி நீரைக் கூரையடியில் உள்ள அகன்ற, ஆழமற்ற செப்புத் தொட்டியில் பரப்பி, சாளரங்களைத் திறந்துவிட்டு ஓர் இரவு முழுதும் ஆறவிடுகின்றனர். காற்றிலும் கட்டடத்திலும் வாழும் ஈஸ்ட் அதில் விழுகின்றது. வேறு விதை எதுவும் இடப்படுவதில்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரையுள்ள குளிர் மாதங்களில் மட்டுமே இவ்வேலை நடைபெறும். கோடையில் கெடுக்கும் நுண்ணுயிர்கள் மிகுந்துவிடும். பிரஸ்ஸல்ஸ் நகருக்குள்ளேயே 1900இல் தொடங்கப்பெற்ற கான்டில்லான் ஆலையில் இம்முறை இன்றும் நடைபெறுகின்றது.

மறுநாள் இந்நீர் ஓக் மரப் பீப்பாய்களில் ஏறுகின்றது. கள்ளில் ஒரு நாளில் நிகழ்ந்து முடியும் நாடகம் இங்கே மூன்று ஆண்டுக்கு நீள்கின்றது. முதல் மாதத்தில் குடல்வாழ் இனத்து நுண்ணுயிர்கள் சிறிது காலம் ஆடி மறைகின்றன. பின்னர் வழக்கமான ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கின்றது. சில மாதம் சென்றபின் பெடியோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் லாக்டிக அமிலத்தை உண்டாக்குகின்றது. அப்போது பானம் எண்ணெய்போல் தடித்து நூலாக இழுபடுவதும் உண்டு. அதனைக் கண்டு அஞ்சி வெளியே கொட்டிவிடுபவன் பொறுமையற்றவன். ஏறத்தாழ எட்டு மாதத்துக்குப் பின் பிரெட்டனோமைசிஸ் என்னும் மெதுவான ஈஸ்ட் தலையெடுத்து அந்தத் தடிப்பைக் கரைத்து, பிறர் தின்ன மாட்டாத சர்க்கரைகளையும் தின்று, லாம்பிக்குக்கே உரிய மணத்தைத் தருகின்றது. இந்த ஈஸ்ட்டை முதன்முதலில் பிரித்தறிந்து 1904இல் உலகுக்கு அறிவித்தவர் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாசன் என்பவர். அவர் அதனைக் கண்டது ஆங்கில நாட்டு முதிர்ந்த பீரில் ஆதலால், பிரிட்டனின் பெயரையே அதற்கு வைத்தார்.

ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்குகளை அளவறிந்து கலந்து தடித்த கண்ணாடிப் புட்டியில் அடைத்தால் அதுவே கூஸ். இளையதில் எஞ்சியுள்ள சர்க்கரை புட்டிக்குள் நொதித்துக் கரியமில வாயுவை உண்டாக்கும். மூத்தது மணத்தைத் தரும். 'பழைய கூஸ்' என்று பெயரிட வேண்டுமாயின் கலவையில் உள்ள மிக மூத்த பகுதி மூன்று ஆண்டாவது முதிர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இம்மரபுப் பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது.

புதிரின் விடை

கள் ஏன் மடிகின்றது, கூஸ் ஏன் வாழ்கின்றது என்பதற்கு இப்போது விடை கூறலாம். காரணங்கள் நான்கு.

முதலாவது காற்று. கலயம் திறந்தது, புட்டி தக்கையால் மூடியது. புட்டிக்குள் தானே பிறந்த கரியமில வாயு நிறைந்திருப்பதால் காடி நுண்ணுயிருக்கு மூச்சுவிட இடமில்லை. தப்பிப் புகும் சிறிதளவு பிராணவாயுவையும் அங்குள்ள ஈஸ்ட் உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டாவது வெப்பம். நம் ஜொகூரில் நிழலிலும் 30 பாகைக்கு மேல் வெப்பம் இருக்கும். பிரஸ்ஸல்ஸ் நிலவறையில் 12 முதல் 15 பாகையே. வெப்பம் ஏறின் புட்டியும் தப்பாது. பீர்செல் என்னும் ஊரில் உள்ள 'மூன்று ஊற்றுகள்' என்று பொருள்படும் பெயருடைய ஆலையில் 2009 மே மாதம் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகிச் சேமிப்பறை அளவுக்கு மீறிச் சூடேறிற்று. சில புட்டிகள் வெடித்தன; பல்லாயிரம் புட்டிகள் கெட்டன. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது சில நாளில் அழிந்தது.

மூன்றாவது உணவு. இறக்கும் கள்ளில் சர்க்கரை இன்னும் மிகுந்திருக்கும். ஆதலால் சண்டை ஓயாது. மூன்றாண்டு பீப்பாயில் கிடந்த லாம்பிக்கில் தின்னத் தக்கது ஏறத்தாழ எதுவும் மிஞ்சாது. உணவில்லாத ஊரில் கள்வனுக்கு என்ன வேலை?

நான்காவது, ஹாப்ஸ் பூவும் தயிர்ப் புளிப்பும் சேர்ந்து நிற்கும் காவல். அமிலம் மிக்க நீரில் நோய் தரும் நுண்ணுயிர்கள் வாழமாட்டா. எலுமிச்சை ஊறுகாய் கெடாமலிருப்பதும் இந்நெறியினாலேயே.

இந்நான்கில் முதலிரண்டையும் பண்டைத் தமிழர் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர் எனலாம். மூங்கிற் குழாயில் அடைத்து நெடுநாள் முதிரவைத்த தேறலையும், நிலத்தில் புதைத்து விளையவைத்த தேறலையும் சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. அடைத்த மூங்கில் காற்றைத் தடுக்கும். புதைத்த மண் குளிர்ச்சியைத் தரும். 'கள்' என்னும் பொதுச் சொல்லோடு நில்லாமல் நறவு, தோப்பி, அரியல், மட்டு, தேறல் எனப் பல பெயர் வழங்கியதும், தெளிந்ததையும் முதிர்ந்ததையும் வேறு பிரித்தறிந்த மக்கள் அவர்கள் என்பதைக் காட்டும். நாளை கெட்டுப்போகும் பொருளுக்கு இத்தனை பெயர் வேண்டியதில்லை.

கலத்தைப் படித்தல்

யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலை அருந்துமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாடல் புறநானூற்றில் உண்டு. அதற்குச் சான்று மண்ணிலும் கிடைத்தது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் பல வெளிப்பட்டன. அவற்றை எலிசபெத் லைடிங் வில் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். இரண்டு கோல்களைச் சேர்த்து ஒட்டியது போன்ற பிடி இருந்தால் அது கிரேக்கத்துக் கோஸ் தீவின் மரபில் வந்த மதுச்சாடி என்று அறியலாம். உள்ளிருந்த மது 2000 ஆண்டுக்கு முன்பே போய்விட்டது. ஒரு பிடித்துண்டு அதன் ஊரைச் சொல்லிவிட்டது.

பெல்ஜியத்துப் பழம்புட்டியையும் இவ்வாறே படிக்க வேண்டும். பழைய கூஸ் புட்டிகள் பலவற்றில் ஒட்டுச்சீட்டே இராது. நிலவறை ஈரத்தில் சீட்டு உதிர்ந்துவிடும் என்பதால் பலர் ஒட்டுவதில்லை. அதற்கு மாறாகப் புட்டியின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்பாலோ வெள்ளை வண்ணத்தாலோ ஒரு கோடு இழுத்திருப்பர். படுக்க வைத்தபோது மேல்நோக்கி இருந்த பக்கம் இது என்பதே அதன் பொருள். அதற்கு நேர் கீழ்ப்பக்கம் மண்டி தங்கியிருக்கும். கோடு மேலிருக்க, மண்டி வேறு பக்கம் ஒட்டியிருந்தால், அப்புட்டி இடையில் புரட்டப்பட்டது அல்லது வேறிடம் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது தக்கை. அதன் பக்கத்தில் ஆலையின் பெயரும், பல வேளைகளில் ஆண்டும் சூடிட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒட்டுச்சீட்டை மாற்றி ஒட்டலாம். புட்டிக்குள் இறங்கிய தக்கையை மாற்றுவது எளிதன்று. ஆதலின் சீட்டும் தக்கையும் முரண்பட்டால் தக்கையை நம்புக.

சீட்டு இருப்பின் அதிலுள்ள நாளைக் கருத்தோடு படிக்க வேண்டும். 'இதற்குள் அருந்துக' என்று 2040ஆம் ஆண்டு அச்சிட்டிருப்பதைக் கண்டு அச்சுப்பிழை என மயங்கற்க. புட்டியில் அடைத்த நாளிலிருந்து 20 ஆண்டு கழித்த நாளைக் குறிக்கும் ஆலைகள் உண்டு. அதிலிருந்து பின்னோக்கிக் கழித்தால் அடைத்த ஆண்டு கிடைக்கும். அதுவும் பானத்தின் பிறப்பாண்டு அன்று. உள்ளிருக்கும் மூத்த பகுதி அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே பிறந்தது. பள்ளியிற் சேர்ந்த ஆண்டைப் பிறந்த ஆண்டாக எழுதிக்கொள்ளும் பிழை இதில் நேரக்கூடாது. சீட்டில் கறுப்புக் கோடுகளாலான விலைக்குறி இருந்தால், அப்புட்டி 1974க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. கடைகளில் அக்குறி வழக்கத்துக்கு வந்ததே அவ்வாண்டில்தான். ஐம்பதுகளைச் சேர்ந்தது என்று கூறி விற்பவனை இந்த ஒரு கேள்வியால் மடக்கிவிடலாம்.

இறுதியாகக் கழுத்தில் பானம் நிற்கும் மட்டத்தைப் பார்க்க. தோள்வரை இறங்கியிருந்தால் தக்கை கசிந்திருக்கின்றது. போன அளவுக்குக் காற்று உள்ளே வந்திருக்கின்றது. இவை அனைத்தினும் பெரிய சான்று, புட்டி யார் கையில் எங்கே எவ்வளவு காலம் இருந்தது என்னும் வழிமுறை வரலாறு. அது தெரியாத புட்டி எவ்வளவு பழையதாயினும் பெறுமதி குறைந்ததே.

திறத்தலும் சுவைத்தலும்

படுத்த நிலையில் முதிர்ந்த புட்டியை அதே பக்கம் மேலிருக்கும்படி ஒரு பிரம்புக் கூடையில் கிடத்தியே திறப்பது பிரஸ்ஸல்ஸ் மரபு. நிமிர்த்துவதாயின் ஓரிரு நாள் முன்பே நிமிர்த்தி மண்டி அடியில் படிய விடவேண்டும். பனிக்கட்டிக் குளிரில் மணம் எழாது. நிலவறைக் குளிர்ச்சியே போதும். மெதுவாகத் தக்கையை இழுத்து, புட்டியை முன்னும் பின்னும் ஆட்டாமல் ஒரே சாய்வில் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, மண்டி வரும்போது நிறுத்திவிடுவர்.

முதலில் முகர்தல். எலுமிச்சைத் தோல், வைக்கோல், பழந்தோல், குதிரைக் கொட்டில் ஆகியவற்றை நினைவூட்டும் மணம் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டின் வேலை, அது குற்றமன்று. காடி நெடி மூக்கில் ஏறினால் காற்று புகுந்தது என்பது முடிவு. பின்னர் சுவைத்தல். இளம் கூஸ் பச்சை எலுமிச்சைபோல் வெட்டும். பத்து, இருபது ஆண்டு சென்றதில் கூர்மை மழுங்கித் தேனும் உலர்ந்த பழமும் கலந்தது போன்ற ஆழம் தோன்றும். புளிப்பு போய்விடாது, ஆனால் அடங்கியிருக்கும். நுரை எழாமல் சப்பென்று கிடந்தால் வாயு கசிந்துவிட்டது. அது கெட்டதே யன்றி நஞ்சன்று. ஒரு புட்டியை நால்வர் ஐவர் பகிர்ந்து சிறிது சிறிதாக அருந்துவது அங்கே வழக்கம். போதைக்காக அதனை நாடுவார் இலர்; நாடினால் விலையும் புளிப்பும் இடந்தரா.

சாட்சியில்லாத புட்டி

இதுவரை கண்ட இரண்டு பானங்களும் தம் வரலாற்றைத் தாமே சொல்லுகின்றன. கள் முதிர்ந்தால் புளிக்கும். புட்டியில் காற்று புகுந்தால் காடி நாறும். நாவும் மூக்கும் சாட்சி கூறும். இனிக் காணப்போவது சாட்சி கூறாத பானம்.

மலாயாத் தோட்டங்களில் நிர்வாகத்தின் கண்பார்வையிலேயே கள்ளுக்கடை இருந்தது. கூலி வாங்கிய கை அங்கே காலியாகியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. போருக்குப் பின் 1947இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். அவர்கள் எதிர்த்தது ஒரு பானத்தின் புளிப்பை அன்று. குடும்பத்தின் சோற்றுப்பானை கவிழ்ந்ததை. அப்போராட்டத்தின் நியாயத்தை எவரும் மறுக்க முடியாது.

ஆயினும் நடந்தது என்ன? கள்ளுக்கடைகள் அருகின. காஹாங், குளுவாங் வட்டாரங்களிலும் கித்தா போய்ச் செம்பனை வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் இதே செம்பனையிலிருந்து கள் இறக்குகின்றனர். இங்கே அவ்வழக்கம் இல்லை. கள் விட்ட இடத்தை மலிவான சம்சு பிடித்துக்கொண்டது. சம்சு என்பது காய்ச்சி வடித்தது. வடிக்கும்போது பானத்தின் புளிப்பு பெரும்பாலும் கொப்பரையிலேயே தங்கிவிடுகின்றது. தெளிந்த நீர்போல் மதுசாரம் மட்டும் வெளிவருகின்றது. இதனால் வயதைக் காட்டும் அடையாளம் போய்விட்டது. அதில் வேறொன்று கலந்தாலும் நாக்கு அறியாது.

அந்த வேறொன்றுதான் மெதனால். தொழிற்சாலைகளில் வண்ணப்பூச்சுக்கும் கரைப்பானுக்கும் பயன்படும் இது, குடிக்கும் மதுசாரத்தின் நிறமும் ஏறத்தாழ அதே மணமும் உடையது. உடலுக்குள் சென்றபின் ஈரல் இதனை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக அமிலமாகவும் மாற்றுகின்றது. அந்த அமிலமே கண் நரம்பை அழிக்கின்றது. இரத்தத்தை அமிலமாக்கி மூச்சை நிறுத்துகின்றது. புளிப்பு இங்கேயும் பிறக்கின்றது. ஆனால் கலத்தில் பிறக்காமல் குடித்தவன் இரத்தத்தில் பிறக்கின்றது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் இத்தகைய மதுவால் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூன் மாதம் தமிழகத்துக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். இரண்டிடத்திலும் மாண்டவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர்.

இதன் அடையாளங்களை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். குடித்த உடனே கேடு தோன்றாது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தோன்றும். வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, வேகமான மூச்சு, பனிமூட்டத்தினூடே பார்ப்பது போன்ற மங்கிய பார்வை ஆகியவை குறிகள். குடிமயக்கம் தெளியட்டும் என்று படுக்கவைத்தல் கொலைக்கு ஒப்பாகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மெதனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் அங்கே உண்டு. நெருப்பு வைத்து நீல நிறம் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது முதலிய வீட்டுச் சோதனைகளை நம்புதல் கூடாது.

கள்ளும் இவ்வகையில் முழுதும் குற்றமற்றதன்று. இந்தியாவின் சில பகுதிகளில் குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்துகளைக் கலந்து, சாக்கரினால் இனிப்பூட்டி, கள் என்று விற்றவர்கள் பிடிபட்டுள்ளனர். நேற்று இறக்கியது என்று சொல்லும் கள் இன்று மாலை புளிக்கவில்லையெனில் அதன்மேல் ஐயம் கொள்ள வேண்டும். புளிக்க வேண்டியது புளிக்காமலிருப்பது, புளிக்கக் கூடாதது புளிப்பதைவிட அஞ்சத்தக்கது.

மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதைச் சட்டம் தடுக்கின்றது. சட்டம் வயதைக் கேட்கும். புட்டியின் வரலாற்றைக் கேட்க வேண்டியவன் மனிதனே. பிரஸ்ஸல்ஸ் நிலவறையில் ஒரு முதியவர் பழம்புட்டியைக் கையிலெடுத்ததும் கேட்கும் வினாக்கள் மூன்று: இதனை அடைத்தவர் யார்? எப்போது? இதுவரை எங்கே இருந்தது? விலையுயர்ந்த புட்டிக்குக் கேட்கப்படும் இவ்வினாக்களை, ஐந்து வெள்ளிக்கு விற்கும் ஒட்டுச்சீட்டில்லாப் புட்டிக்கு நம் லயங்களில் எவரும் கேட்பதில்லை. மூன்றில் ஒன்றுக்கேனும் விடையில்லாத புட்டியை, பழையதாயினும் புதியதாயினும், தொடாதிருப்பதே உயிர் காக்கும் நெறி.